அம்மம்மாவைக் கொழும்புக்கு ரயிலில் கூட்டிப்போகலாமா?

வணக்கம் உறவுகளே. கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன். அடுத்த மாதம் அம்மம்மாவைக் கண் வைத்தியரிடம் காட்டக் கொழும்புக்குக் கூட்டிப்போக வேண்டும். வயது 78, முழங்கால் வலி வேறு.

மாமா இரவு பஸ்ஸில் போகச் சொல்கிறார். வீட்டு ஒழுங்கைக்குக் கிட்டவே ஏறலாம், விடியக் கொழும்பில் நிற்கலாம் என்பது அவர் வாதம். ஆனால் 300 கிலோமீற்றருக்கு மேல் காலை மடக்கியபடி இருப்பது எனக்கே தண்டனை. போதாததற்கு விடிய விடியப் பாட்டு!

அம்மம்மாவுக்கோ ரயில்தான் வேண்டும். 1990இல் நின்ற ரயில் 2013இல் கிளிநொச்சிக்குத் திரும்பியபோது பார்க்கப் போனவர், இன்றுவரை ஏறவில்லை. யன்னலோரம் இருந்து மாங்குளம் காட்டைப் பார்க்க வேண்டுமாம். ஒரே குறை, பஸ்ஸில் போனால் வழியில் இறங்குவதுபோல வீதியோர முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் உடைத்துக் கச்சான் (வேர்க்கடலை) வாங்க முடியாது. அதற்கும் என்னிடமே தீர்வு கேட்கிறார்.

முதியவர்களோடு ரயிலில் போனவர்கள் சொல்லுங்கள்: பெட்டிப் படிகளில் ஏற்றுவது கடினமா? ஓடும்போது கழிப்பறைக்குக் கூட்டிப்போக முடிகிறதா? இரண்டாம் வகுப்பு போதுமா? ஆசனத்தை எத்தனை நாள் முன்னதாகப் பதிய வேண்டும்?

வான் பிடிக்கச் சொல்லாதீர்கள், கட்டுப்படியாகாது.