பதிவேட்டில் தரிசு, ஊர்வழக்கில் ஓரண்: ஜெய்சல்மேர் நிலம் பற்றி ஒரு கேள்வி

கேள்வி: நில அளவையாளன்

அனைவருக்கும் வணக்கம். சூரிய மின் திட்டம் ஒன்றின் நில அளவைப் பணிக்காக விரைவில் ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் மாவட்டத்துக்குச் செல்லவிருக்கிறேன். எங்களிடம் தரப்பட்ட வரைபடத்தில் பெரும்பகுதி நிலம் அரசுத் தரிசு என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அந்நிலத்தின் ஒரு பகுதியை ஊரார் ‘ஓரண்’ என்று அழைப்பதாகவும், அங்கே மரத்தில் கோடரி படக்கூடாது, ஏர் பூட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு இருப்பதாகவும் முன்பு அங்கே பணியாற்றிய நண்பர் ஒருவர் சொன்னார். பட்டா இல்லாத நிலத்தில் ஊராருக்கு என்ன உரிமை இருக்க முடியும்? மணலும் முட்புதரும் மட்டுமே கண்ணில் படும் இடத்தில் காக்க வேண்டியது என்ன இருக்கிறது? அறிந்தவர்கள் விளக்கினால் கடமைப்பட்டிருப்பேன்.

மறுமொழி 1: வன்னிநிழல்

ஜோத்பூரில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். நம் ஊர்க் கோயில்காடுகளைப் போலவே ஓரணும் ஒரு தெய்வத்தின் பெயரால் விடப்பட்ட நிலம்தான். ஆனால் அது பெரும்பாலும் அடர்ந்த சோலையாக இருப்பதில்லை. புல்வெளியும் புதரும் ஆங்காங்கே மரங்களும் ஒரு குளமும் சேர்ந்த மேய்ச்சல் காடு அது. நாட்டார் தெய்வமான பாபூஜியின் பெயரிலும், பிக்கானேர் அருகே தேஷ்னோக்கில் கர்ணி மாதாவின் பெயரிலும், ஜெய்சல்மேரில் தேக்ராய் மாதாவின் பெயரிலும் இவை இருக்கின்றன. தானாக விழுந்த விறகைக் கோயில் சமையலுக்கோ ஈமச்சடங்குக்கோ எடுக்கலாம். பச்சை மரத்தை வெட்டக்கூடாது என்பதே பொதுவான கட்டுப்பாடு.

அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். ஆண்டு மழை 200 மில்லிமீட்டரைக்கூட எட்டாத ஒரு மண்ணில் மனிதரும் மாடும் பிழைப்பதற்கான வழி முழுவதும் அங்கேதான் இருக்கிறது. சேவண் புல் என்ற ஒன்று பல ஆண்டு வறட்சியிலும் வேர் சாகாமல் கிடந்து, ஒரே மழையில் தழைத்து எழுந்து, ஆடு மாடு ஒட்டகங்களுக்குத் தீனியாவதோடு மணல் நகராமலும் பிடித்துக்கொள்கிறது. கேஜ்ரி என்று அங்கே வழங்கும் நம் வன்னி மரம் கோடையிலும் இலை தருகிறது. அந்த இலை கால்நடைத் தீவனம். அதன் இளங்காய் ‘சாங்ரி’ என்ற பெயரில் கேர் காயோடு சேர்ந்து வீட்டுச் சமையலுக்குப் போகிறது. வன்னியின் கீழே கம்பு நன்றாக விளையும் என்பது அங்குள்ள உழவர்கள் அனைவரும் அறிந்தது. சிங்காரா மான், பாலைநரி, பாலைப்பூனை, முள்வால் பல்லி, பிணந்தின்னிக் கழுகு ஆகியவை இந்த நிலத்தில்தான் இரை தேடுகின்றன. ராய்க்கா ஒட்டக மேய்ப்பர்களும் ராஜபுத்திரர்களும் மேக்வால் மக்களும் முஸ்லிம் மேய்ப்பர்களும் இத்தகைய மேய்ச்சல் நிலங்களைச் சேர்ந்தே பயன்படுத்துகிறார்கள்.

பாலைவனத்தின் இயற்கைக் காவலர்கள் என்றால் எல்லோருக்கும் பிஷ்னோய் மக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 1485-இல் அவர்களின் குரு ஜாம்போஜி வகுத்த 29 நெறிகளையும், 1730-இல் கேஜர்லி ஊரில் வன்னி மரங்களை வெட்டவிடாமல் அம்ரிதா தேவி உட்பட 363 பேர் உயிர் கொடுத்ததையும் எத்தனை முறை சொன்னாலும் தகும். ஆயினும் பெயர் வெளியே தெரியாத எத்தனையோ ஊர்கள் அதே காவலை நாள்தோறும் செய்துவருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

மறுமொழி 2: சட்டப்படி

உரிமை பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். வருவாய்த் துறையின் பார்வையில் வரி கொடுக்காத நிலம் தரிசாகவே பதிவாகிவந்ததால், பல ஓரண்கள் ஓரண் என்ற பெயரிலேயே பதிவேட்டில் ஏறவில்லை. 2024 டிசம்பர் 18-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், ராஜஸ்தானில் ஓரண் போன்ற புனிதக் காடுகள் ஒவ்வொன்றையும் நேரடி ஆய்வாலும் செயற்கைக்கோள் படத்தாலும் அளந்து, பரப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் காடாகப் பதிவுசெய்ய வேண்டும் என்று அறிவுறுத்தியது. கூடலூர்க் காடுகளைப் பற்றித் தொடங்கிய கோதவர்மன் வழக்கின் தொடர்ச்சியாகவே இந்தத் தீர்ப்பும் வந்தது. ஆகவே வரைபடத்தில் தரிசு என்றிருப்பதாலேயே அந்நிலம் யாருக்கும் உரியதல்ல என்று கொள்வதற்கு இன்று இடமில்லை.

நில அளவையாளன்

இருவருக்கும் நன்றி. ஒன்று மட்டும் புரியவில்லை. நிலக்கரிக்கு மாற்றாக வரும் மின்சாரத்தையும் நாம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சூரிய மின்பலகைகளை ஓரணுக்கு வெளியே வைத்துவிட்டால் போதாதா?

மறுமொழி 3: கானமயில் காவல்

சூரிய மின்சாரம் வேண்டும் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் பலகைகளை வெளியே வைத்தாலும் மின்கம்பிகள் ஓரணைக் கடந்துதான் போகின்றன. கானமயில் (Great Indian Bustard) என்ற பறவையைக் கொல்வது அந்தக் கம்பிதான். பறக்கும் பறவைகளில் மிகக் கனமானவற்றுள் ஒன்றான அதற்குக் கண்கள் தலையின் பக்கவாட்டில் அமைந்திருப்பதால், நேர் எதிரே இருக்கும் கம்பி சரியாகத் தெரிவதில்லை; அருகில் வந்தபின் உடல் எடை அதைச் சட்டென்று திரும்ப விடுவதுமில்லை. எஞ்சியிருப்பவை 150-க்கும் குறைவு. பெரும்பாலும் ஒரு பருவத்துக்கு ஒரே முட்டைதான் என்பதால், ஒரு பறவையின் சாவைக்கூட அந்த இனம் எளிதில் ஈடுசெய்ய முடியாது. ஃபலோதி அருகே கீச்சன் ஊரில் குளிர்காலத்தில் வந்து இறங்கும் குர்ஜா கொக்குகளுக்கும் கம்பி ஆபத்துதான். அவ்வூர் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தானியம் இறைத்துக் காத்துவரும் பறவைகள் அவை. அந்த ஊரின் நீர்நிலை 2025-இல் ராம்சார் என்ற பன்னாட்டு ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது.

கம்பிகளை மண்ணுக்கடியில் கொண்டுபோக வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் அது நடைமுறைக்கு ஒத்துவராது என்ற வாதத்தை ஏற்று, 2024 மார்ச்சில் ஆணையைத் தளர்த்தி வல்லுநர் குழுவிடம் ஒப்படைத்தது. முழுப் பரப்பிலும் முடியாது என்பது நியாயமாக இருக்கலாம். ஆனால் பறவைகள் தங்கும் ஓரண்களின் ஊடாகக்கூட முடியாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நீங்கள் அளவைக்குப் போகிறவர் என்பதால் ஒரு வேண்டுகோள். கருவியை நிறுத்துவதற்கு முன் ஊர்ப் பெரியவர்களோடும் மேய்ப்பர்களோடும் ஒரு நாள் நடந்து, ஓரணின் எல்லைக் கற்களையும், குளத்துக்கு மழைநீர் ஓடிவரும் ‘ஆகோர்’ சரிவையும், மந்தை போகும் தடத்தையும் அவர்கள் சொல்லச் சொல்லக் குறித்துக்கொள்ளுங்கள். நீர்வரத்துச் சரிவில் சாலை போட்டால் குளம் நிரம்பாது. குளம் வற்றினால் மானும் மந்தையும் அங்கே தங்க முடியாது. நீங்கள் தரும் அறிக்கையில் ‘தரிசு’ என்ற இடத்தில் ‘ஓரண், மேய்ச்சல் பயன்பாட்டில் உள்ளது’ என்று எழுதுங்கள். கம்பி எந்த வழியாகப் போகலாம் என்று பின்னர் முடிவெடுப்பவர்களின் கைக்கு அந்த அறிக்கைதான் போய்ச் சேரும்.