புதுப்பிப்பு: 100 கிலோ ஸ்குவாட், எட்டு மாதம் கழித்து

ஸ்குவாட் (பாரத்தைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது), டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிர்வது) இரண்டும் மூன்று மாதத்தில் 100 கிலோ வருமா என்று ஜனவரியில் இங்கே கேட்டிருந்தேன். அப்போது என் எடை 61 கிலோ. வரவில்லை.

டெட்லிஃப்ட் ஐந்தாம் மாதத்தில் 100ஐத் தொட்டது, இப்போது 115. ஸ்குவாட் இன்னும் 90தான்.

முதல் ஆறு வாரம் மளமளவென்று ஏறியது. அது சதை வளர்ந்ததால் அல்ல, பெரும்பாலும் நரம்புகள் அசைவைப் பழகிக்கொண்டதால்தான். அது தெரியாமல் ஆடிவிட்டேன். 70 கிலோவில் ஸ்குவாட் அப்படியே நின்றது. காரணம் சப்பையானது: இலங்கை மலையகத்தில் எங்கள் ஹட்டன் ஜிம்மில் இருந்த ஆகச் சின்ன எடைத் தட்டு 2.5 கிலோ. கம்பியின் பக்கத்துக்கு ஒன்று போட்டால் ஒரேயடியாக 5 கிலோ கூடிவிடும். வெல்டிங் கடையில் 1.25 கிலோவாக இரண்டு இரும்பு வளையம் வெட்டி வாங்கினேன். துருப்பிடித்த அசிங்கமான சாமான், ஆனால் அதற்குப் பிறகுதான் பாரம் திரும்ப ஏறியது.

ஓடுகிற சப்பாத்தின் மெத்தென்ற அடியும் ஆட்டம் காட்டியது. இப்போது வெறுங்கால்தான். காலைக் குளிரில் சிமெந்துத் தரை சில்லிடும், அதனால் உடம்பைச் சூடாக்க, தட்டு மாட்டாத வெறும் 20 கிலோ கம்பியோடு கூடுதலாக இரண்டு செட்.

சாப்பாடு? ரொட்டியும் சம்பலும் மட்டும் போதவில்லை. தினமும் மூன்று முட்டையும் பருப்பும் சேர்த்தேன். எடை 66.

தேயிலைக் கொழுந்துக் கூடையோடு மேடேறும் அம்மாவிடம் 90 கிலோ என்று சொன்னேன். "தூக்கி எங்க கொண்டு போய் வச்ச?" என்றார்.

100 வந்ததும் எழுதுகிறேன்.