‘சடீர்’ முதலில், ‘டும்’ அப்புறம்

(துப்பாக்கி, குண்டுச் சத்தங்களைப் பற்றி முன்னாள் படைவீரர்கள் மூவர் ஆளுக்கொரு பகுதியாகச் சொல்வது.)

பணியில் சேர்ந்த புதிதில், சுடுதளத்தில் இலக்குப் பலகைகளை ஏற்றி இறக்கும் பள்ளத்தில் எனக்கு வேலை. 300 மீட்டர் தள்ளிச் சுடுவார்கள், தோட்டாக்கள் தலைக்கு மேலே போகும். சினிமாவில் வருவது போல ‘விஷ்ஷ்’ என்று கேட்கும் என நினைத்திருந்தேன். கேட்டதோ காதருகே சாட்டையைச் சொடுக்கியது போல ‘சடீர்’. அடுத்த கணமே, தூரத்தில் அடங்கிய குரலில் ஒரு ‘டும்’. இரண்டு பேர் சுடுகிறார்கள் போல என்றேன். பக்கத்திலிருந்த ஹவில்தார் சிரித்துவிட்டு, “முதல்ல வந்தது தோட்டா, அப்புறம் வந்தது துப்பாக்கி” என்றார்.

கணக்கு எளிது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஏகே ரகத் தோட்டா குழலை விட்டுக் கிளம்பும்போதே 700-ஐத் தாண்டிவிடும். அது காற்றைக் கிழிக்கும் அதிர்வுதான் ‘சடீர்’. அதைக் கேட்டுத் திரும்பினால் தவறான பக்கம்தான் பார்ப்போம். சுட்டவன் இருப்பது ‘டும்’ வந்த திசையில். இரண்டுக்கும் இடைவெளி கூடக் கூட, ஆளும் தூரம். 300 மீட்டரில் அந்த இடைவெளி அரை நொடிகூட இருக்காது.

*

முதலில் பேசிய அண்ணன் சொன்னது துப்பாக்கிக்குச் சரி. குண்டை மேல்நோக்கி வளைவாக எறியும் குட்டைக் குழலான மோர்ட்டார் நேர் எதிர். குண்டு ஒலியைவிட மெதுவாகப் போவதால் கிளம்பும் சத்தம் முந்திக்கொண்டு வரும். காலி பீப்பாயைத் தட்டினாற்போல ‘டொங்க்’. அப்புறம் ஒன்றுமே இருக்காது. பதுங்குகுழிக்குள் உருண்டு விழுந்து, மனதுக்குள் 20 வரை எண்ணியிருப்பேன், அப்போதுதான் வெடித்தது. அந்த அமைதிதான் கொடுமை. ஜெனரேட்டர் ஓடினால் ‘டொங்க்’கும் கேட்காது, போச்சு.

டாங்கி நேராகச் சுட்டால் எண்ணுவதற்கு வேலையே இல்லை. முதலில் வெடிக்கும், பீரங்கிச் சத்தம் பிறகு வரும்.

*

பாறையில் பட்டுத் தெறித்த தோட்டா ‘ஙொய்ய்ங்’ என்று இழுக்கும். சினிமாக்காரர்கள் சரியாகப் பிடித்தது அது ஒன்றைத்தான்.

எனக்கு மிச்சமிருப்பது வேறு சத்தம். துப்பாக்கி சுடுபவன் காதருகே 150 டெசிபலைத் தாண்டும். நாங்கள் பஞ்சுகூட வைத்ததில்லை. நான் வலக்கைக்காரன், ஆனால் போனது இடது காது. தோளில் பொருத்திக் குனியும்போது குழல் முனைப் பக்கம் இருப்பது அதுதானே. அதில் இரவெல்லாம் ‘ஙீ’ என்று ஓடும். பட்டாசு வெடித்தால்கூட எந்தப் பக்கம் என்று இப்போது பேத்தியைத்தான் கேட்கிறேன்.