பழைய போக்கிமான் கார்டுகள்: கிரேடிங் போடலாமா, அப்படியே வைக்கலாமா?

திருநகர்வாசி:
வணக்கம் நண்பர்களே. சிங்கப்பூரில் வேலை பார்த்த தாய்மாமாவின் போக்கிமான் ஆல்பம் இப்போது என் கைக்கு வந்திருக்கிறது. ஆங்கிலக் கார்டுகள், 1999-ல் வந்த முதல் தொகுப்பான பேஸ் செட், அதில் சாரிசார்டு என்கிற போக்கிமானின் கார்டும் (102-ல் 4-வது) உண்டு. பிஎஸ்ஏ என்கிற அமெரிக்க நிறுவனம் கார்டின் நிலையைப் பார்த்து பத்துக்கு இத்தனை என்று கிரேடு போட்டு, பிளாஸ்டிக் டப்பாவில் மூடித் தருகிறது. ஆன்லைனில் அதே கார்டு அந்த டப்பாவுக்குள் இருந்தால் விலை எங்கேயோ போகிறது, வெறும் கார்டாக இருந்தால் பாதிகூட இல்லை. அமெரிக்காவுக்கு அனுப்பி கிரேடு வாங்கலாமா? சிலதை நானே வைத்துக்கொள்ளவும் ஆசை. மதுரையில் விவரம் தெரிந்தவர் யாரும் எனக்குக் கிடைக்கவில்லை.

மாசிவீதி:
தம்பி, நீங்கள் பார்த்த விலை பெரும்பாலும் 9, 10 வாங்கிய கார்டுடையதாக இருக்கும். லேபிளில் உள்ள அந்த எண்ணுக்குத்தான் காசு. உங்களுடையதற்கு 4 அல்லது 5 வந்தால், கட்டணம், கூரியர், இன்சூரன்ஸ், திரும்பி வரும்போது சுங்கத்தில் தீட்டுகிற வரி எல்லாம் போக என்ன மிஞ்சும் என்று முதலில் கணக்குப் போடுங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். படத்துக்குக் கீழே இடது ஓரத்தில் வட்டமாக ‘எடிஷன் 1’ முத்திரை இருக்கிறதா? இல்லையென்றால், படச் சட்டத்தின் வலது பக்கம் நிழல் விழுந்திருக்கிறதா பாருங்கள். முத்திரையும் இல்லை, நிழலும் இல்லை என்றால் அது ஷேடோலெஸ், நல்ல மதிப்பு. நிழல் இருந்தால் அன்லிமிடெட், ஏராளமாக அச்சடித்தது. அப்புறம் அறை விளக்கை அணைத்துவிட்டு போன் டார்ச்சைச் சாய்வாக அடித்தால் மினுங்குகிற பகுதியில் உள்ள கீறல் எல்லாம் தெரியும், பின்பக்க நீல ஓரத்தில் வெள்ளை வெளுத்திருக்கிறதா, மஞ்சள் பார்டர் நாலு பக்கமும் ஒரே அகலமா என்றும் கவனியுங்கள்.

வைகைக்கரை:
அண்ணன் சொல்வது சரி, ஆனால் விற்பதாக இருந்தால் சாரிசார்டை மட்டுமாவது அனுப்பலாம் என்பேன். போலிகள் அவ்வளவு புழங்குகின்றன. டெல்லியில் இருந்து போட்டோவை மட்டும் பார்த்து வாங்குபவர் எதை நம்பிப் பணம் அனுப்புவார்? தெற்கு ஆவணி மூல வீதியில் ஹால்மார்க் பார்த்து நகை வாங்குகிற மாதிரிதான். குறைந்த கிரேடு வந்தாலும் அசல் என்பதாவது உறுதி.

பழங்காகிதம்:
டப்பாவையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. பிஎஸ்ஏ 1991-ல் முதன்முதலாக கிரேடு போட்டதே டி206 ஹோனஸ் வாக்னர் என்கிற பேஸ்பால் கார்டுக்குத்தான், 8 கொடுத்தார்கள். அந்தக் கார்டின் ஓரத்தை வெட்டியது தான்தான் என்று ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ 2013-ல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். வெட்டிய கார்டு எண் கிரேடுக்கே தகுதி இல்லாதது! இப்போது டப்பாவிலேயே போலி வருகிறது, வாங்கும்போது லேபிளில் கிரேடு தவிர இருக்கும் சான்றிதழ் எண்ணை பிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பாருங்கள், அங்கே வரும் விவரமும் கையில் இருக்கிற கார்டும் ஒத்துப்போக வேண்டும்.

எனக்கு வெறும் கார்டுதான் பிடிக்கும். கையில் எடுத்து அச்சையும் அட்டையையும் பார்த்துப் பார்த்துத்தான் அசல் எது என்று பழகும். அசலை ஓரமாகத் திருப்பினால் இரண்டு அட்டைக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரியும்.

திருநகர்வாசி:
பார்த்துவிட்டேன். முத்திரை இல்லை, நிழல் இருக்கிறது, கறுப்புக் கோடும் தெரிகிறது. பின்பக்கம் இரண்டு மூலை வெளுத்திருக்கிறது, மினுங்குகிற இடத்தில் லேசான கீறல்கள். துடைத்துவிட்டு அனுப்பினால் கிரேடு கூடுமா?

மாசிவீதி:
துடைக்கவே கூடாது தம்பி! ஈரத்துணி பட்டால் பளபளப்பு போய்விடும், கீறல் கூடும், அப்புறம் திருத்திய கார்டு என்று எண்ணே தராமல் திருப்பி அனுப்பவும் கூடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அன்லிமிடெட், 9 வராது. இதை அனுப்ப வேண்டாம். விற்பதென்றால் பகல் வெளிச்சத்தில் முன், பின், நாலு மூலை என்று தெளிவாகப் படம் எடுத்து வெளுப்பையும் சொல்லியே விற்றுவிடுங்கள், கேட்பவர் இருக்கிறார்கள். வைத்துக்கொள்ளும் கார்டை மெல்லிய பிளாஸ்டிக் உறையில் (ஸ்லீவ்) போட்டு, டாப்லோடர் என்கிற கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். பழைய ஆல்பத்தின் பிவிசி தாள் நம் ஊர் வெயிலுக்கு இளகி ஒட்டியிருக்கும், கார்டை இழுக்காதீர்கள், தாளைப் பக்கவாட்டில் கத்தரித்துத் திறந்து எடுங்கள்.