வெளியில் மருந்து எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

கொட்டாஞ்சேனை, ஓய்வுபெற்ற தாதி

காய்ச்சல் என்றால் எங்கள் சனம் முதலில் போவது சந்தி பாமசிக்குத்தான். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம், ஆனால் ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) வரிசையில் நின்றால் நாட்கூலி போய்விடும். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

2017இல் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்ட டெங்கு நோயாளர்கள். வாட்டில் நடக்க இடமில்லை. "என்ன மருந்து குடுத்தீங்க?" என்று கேட்டால் "ஒண்டுமில்லை மிஸ்" என்பார்கள். கைப்பையைத் திறந்தால் டைக்குளோபெனக் என்ற நோவுக் குளிசை இருக்கும். டெங்குவில் அது, இபுபுரூபன், அஸ்பிரின் எல்லாம் இரத்தக்கசிவைக் கூட்டக்கூடியவை. எங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டிய விஷயம். ஆனால் சொன்னால் ஏச்சு விழும் என்ற பயம். ஏசியதை நானே பார்த்திருக்கிறேன், அதனால் அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஜிந்துப்பிட்டியிலிருந்து ஒரு தாய் மகனைக் கூட்டி வந்தார். கையில் பாமசி பில். அதன் பின்பக்கத்தில் பாமசிக்காரர் நீலப் பேனையால் எழுதியிருந்தார்: "செவ்வாய் இரவு காய்ச்சல் தொடக்கம். பனடோல் மட்டும் கொடுத்தது. இன்று மூன்றாம் நாள், இரத்தம் பார்க்கவும்." டெங்குவில் நாள் கணக்குத்தான் உயிர். காய்ச்சல் இறங்கும் நேரத்தில்தான் ஆபத்து தொடங்கும், பெற்றோரோ சுகமாகிவிட்டது என்று நினைப்பார்கள். டொக்டர் அந்தப் பில்லை வாங்கி அப்படியே பிள்ளையின் கோப்பில் சேர்த்து வைத்தார். பிள்ளை சுகமாக வீட்டுக்குப் போனான். அதை அந்தப் பாமசிக்காரருக்கு ஆஸ்பத்திரியிலிருந்து யாரும் சொல்லவில்லை. சொல்வதற்கு ஒரு வழியும் இருக்கவில்லை.

மருதானை, ஒரு தகப்பன்

என் மகன் மதிலால் விழுந்து முழங்கை வீங்கிவிட்டது. பக்கத்தில் இருந்த முறிவு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். அவர் ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு உள்ளவர். 1961ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அந்தப் பதிவு முறை இருக்கிறது. பதிவு இல்லாமல் கட்டுப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் எல்லாருக்கும் ஒரே பெயர்தான்.

அவர் எண்ணெயைத் தொடவே இல்லை. மணிக்கட்டில் நாடி பிடித்தார். பிள்ளையின் நகத்தை அமுக்கிவிட்டு, சிவப்பு திரும்ப எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தார். "தம்பி, இதுக்கு நான் கை வைக்க மாட்டேன். விரல் குளிருது. உடனே எக்ஸ்ரே எடுக்க வேணும்" என்று சொல்லி அவரே 1990 என்ற அம்புலன்ஸ் நம்பருக்கு அடித்து அம்புலன்ஸ் எடுத்தார்.

ஆஸ்பத்திரியில் கேட்ட முதல் கேள்வி: "அங்க ஏன் போனீங்க?" அவர் என்ன கண்டார் என்று யாரும் கேட்கவில்லை. விரல் குளிர்வதை நான்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன். அன்றிரவே ஒபரேஷன் செய்து கம்பி வைத்தார்கள். கை இப்போது நன்றாக மடங்குகிறது.

அப்புறம் எக்ஸ்ரே படத்தைக் கொண்டுபோய் அந்த வைத்தியரிடம் காட்டினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். "நான் அனுப்பினவை ஒருத்தரும் வந்து இப்பிடிக் காட்டினதில்லை" என்றார்.

வெள்ளவத்தை, பாமசி ஊழியர்

இரண்டையும் வாசித்தேன். எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் சளி சோதிக்க வேண்டும், மார்பு நோய்க் கிளினிக்கில் காசு இல்லாமல் செய்வார்கள். நான் சொல்லி அனுப்புகிறேன். போனார்களா, காசநோய் இருந்ததா, ஒன்றும் தெரியாது. அதே ஆள் மறுபடி சிரப் கேட்டு வரும்போதுதான் போகவில்லை என்று விளங்கும்.

கொழும்பு மாநகர சபை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்தில் கேட்பதற்கு ஒரு மாதிரித் துண்டு எழுதி வைத்திருக்கிறேன்: வருத்தம் தொடங்கிய நாள், கொடுத்த மருந்து, அளவு, எங்கள் போன் நம்பர். கிழித்துத் திருப்பி அனுப்ப கீழே ஒரு பாதி. தமிழிலும் சிங்களத்திலும். வாட்டில் வேலை செய்தவர்கள், இதில் வேறு என்ன இருந்தால் உங்களுக்கு உதவும்?