கூனி இறாலை ஓட்டோடு சாப்பிடலாமா?

மழைக்குருவி:
பையனுக்குப் பால் ஒத்துக்கொள்வதில்லை. அப்பாவுக்குக் கொலஸ்ட்ரால் கொஞ்சம் கூடுதல். இரண்டு பேருக்கும் கூனி இறால் என்றால் உயிர். ஓடு உரிக்கவே முடியாத பொடிசு, மீசையை மட்டும் உதிர்த்துவிட்டு அப்படியே வதக்குகிறேன். ஓட்டில் சத்து உண்டா? வயிற்றுக்குத் தொல்லையா?

உப்புக்கல்:
ஓடுதானே அதில் விசேஷம்! உரித்த இறால் சதையில் கால்சியம் சொற்பம், 100 கிராமுக்கு 60 மி.கி. தேறினால் அதிகம். சுண்ணாம்பெல்லாம் ஓட்டில் இருக்கிறது. ஓட்டிலுள்ள கைட்டின் நமக்குச் சரியாகச் செரிக்காது. நார்ச்சத்து மாதிரி பெரும்பாலும் வெளியே போய்விடும். மென்று சாப்பிடச் சொல்லுங்கள், போதும்.

ஆனால் காய்ந்த பொடி இறாலில் 100 கிராமுக்கு 1000 மி.கி. கால்சியம் என்று எழுதுகிறார்களே, அதைப் படித்து மயங்க வேண்டாம். கணக்கு பொய்யில்லை. 100 கிராம் காய்ந்த இறாலை ஒரு வேளையில் யார் சாப்பிடுவது? பையன் தட்டில் விழுவது பத்து கிராம். அதில் 100 மி.கி. வரும். பாலுக்கு ஈடாக இதை மட்டும் நம்பாதீர்கள், கீரை, எள், முள்ளோடு தின்னும் சின்ன மீன் எல்லாம் சேரட்டும்.

அப்பா விஷயம்: 100 கிராம் இறாலில் புரதம் 20 கிராம், கொழுப்பு ஒன்றிரண்டு கிராம்தான். கொலஸ்ட்ரால் 150 மி.கிராமுக்கு மேல் இருப்பது உண்மை. ஆனாலும் பலருக்கு ரத்தக் கொலஸ்ட்ராலை அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு. அது இறாலில் மிகக் குறைவு. எவ்வளவு எண்ணெயில் வறுக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்! அவருடைய அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கடலோடி:
காய்ந்ததில் உப்பு ஏராளம். ரத்த அழுத்தம் இருந்தால் வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு தடவை அலசுங்கள். அப்புறம், யூரிக் அமிலத் தொந்தரவு உள்ளவர்கள் அளவோடு சாப்பிட வேண்டும். இறால் அலர்ஜி உள்ளவர்கள் தொடவே கூடாது. அலர்ஜி தரும் டிரோபோமையோசின் புரதம் வேகவைத்தாலும் அழியாது.

மழைக்குருவி:
நன்றி. வாங்கி வைத்த பொட்டலத்தில் மூக்கைத் துளைக்கும் நெடி, இது வழக்கமானதுதானா?

உப்புக்கல்:
கருவாட்டு வாசனை என்றால் சரி. அமோனியா மாதிரி சுள்ளென்று ஏறினால் கெட்டுவிட்டது, கொட்டிவிடுங்கள். கழுவினாலும் வறுத்தாலும் தேறாது.