சத்தி ரோட்டில் வசதி கூடியது யாருக்கு?

காட்டுக்காரர்:
கோவையில் சத்தி ரோட்டில் இருக்கிற எங்கள் சரவணம்பட்டி வளர்ந்ததில் உள்ளூர்க்காரனுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று நேற்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். என்னால் ஒத்துக்கொள்ள முடியாதுங்க. எங்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரிக் காடு. சோளம் போட்டால் மாட்டுக்குத் தட்டுதான் மிச்சம், மழை பொய்த்தால் அதுவும் இல்லை. 1984-ல் குமரகுரு காலேஜ் வந்தது, அப்புறம் ஐ.டி. கம்பெனிகள் வந்தன. பசங்க தங்குகிற ஆறு அறை வாடகையில்தான் என் மகளைப் படிக்க வைத்தேன். வெள்ளாமையில் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டேன்.

லைன்வீட்டு மகள்:
நேற்று எழுதியது நான்தானுங்க. உங்களுக்குக் காடு இருந்தது. அந்த மாதிரி காடுகளில் களை வெட்டிய எங்கம்மாவுக்கு என்ன இருந்தது? நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் ஒன்பது குடும்பம். ஒரு நாள் வீட்டுக்காரர் கொத்தனாரோடு வந்து டேப் வைத்து அளந்தார். அடுத்த மாதமே காலி செய்யச் சொன்னார். இப்போது அங்கே ஒரு அறைக்கு நாலு பசங்க, மேலும் கீழுமாக இரும்புக் கட்டில். எங்கள் குடும்பம் தந்த வாடகையை ஒரே பையன் தருகிறான். நாங்கள் கோவில்பாளையம் தாண்டிப் போய்விட்டோம். அம்மா மட்டும் காலை ஆறரை பஸ்ஸைப் பிடித்து, அதே தெருவுக்கு வீட்டு வேலைக்கு வருகிறார்.

பீளமேட்டுக்காரன்:
எங்கள் பீளமேட்டுப் பக்கம் பி.எஸ்.ஜி. டெக் காலேஜ் 1951-ல் வந்தது, சி.ஐ.டி. இன்ஜினியரிங் காலேஜ் 1956-ல். காலேஜ் ஊரில் ஜனத்தொகையை வைத்து வசதியை அளக்காதீர்கள். ஹாஸ்டலில் தங்கியிருப்பவர்களையும் சென்சஸில் அங்கேயே சேர்த்துவிடுவார்கள். பையனுக்கு வருமானம் கிடையாது, ஊரிலிருந்து அப்பா அனுப்புகிற பணத்தைத்தான் இங்கே செலவு செய்கிறான். சென்சஸில் வருமானத்தைக் கேட்பதும் இல்லை. 2011 சென்சஸில் வசதி பற்றிக் கேட்டதெல்லாம் சொந்த வீடா வாடகையா, எத்தனை அறை, டிவி, வண்டி இருக்கா என்பது மாதிரிதான்.

காட்டுக்காரர்:
சென்சஸ் சொல்லாவிட்டால் என்ன, கண்ணுக்குத் தெரிகிறதே. 2011-ல் சரவணம்பட்டி, காளப்பட்டி, வடவள்ளி எல்லாம் கோவை மாநகராட்சியோடு சேர்ந்து, 72 வார்டு 100 ஆனது. சும்மாவா சேர்த்தார்கள்? மெஸ் வைத்தவர், ஜெராக்ஸ் கடைக்காரர், காலேஜ் பஸ் ஓட்டுகிறவர், இவர்களெல்லாம் காடு வைத்திருந்தவர்களா?

லைன்வீட்டு மகள்:
வேலை கிடைத்ததை நான் மறுக்கவில்லை. என் தம்பியே ஒரு காலேஜ் கேன்டீனில்தான் இருக்கிறான். ஆனால் அவன் சம்பளம் ஏறிய வேகத்தைவிட வாடகை ஏறிய வேகம் அதிகம். அட்வான்ஸ் மட்டும் பத்து மாத வாடகை கேட்கிறார்கள். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்க. இல்லாதப்பட்ட ஒன்பது குடும்பம் வெளியே போய், ஐ.டி. சம்பளக்காரர் இரண்டு பேர் குடிவந்தால், அந்தத் தெருவின் சராசரி வருமானம் தானாகவே ஏறிவிடும். முன்பு இருந்த ஒருத்தர் பையிலும் ஒரு ரூபாய் கூடியிருக்காது.

பீளமேட்டுக்காரன்:
இதுதான் விஷயம். ஊரின் வருமானம் வேறு, ஊர்க்காரரின் வருமானம் வேறு.

காட்டுக்காரர்:
அந்தக் கணக்கு சரிதான், ஒத்துக்கிறேன். அதற்காக வீட்டுக்காரனைக் குற்றவாளி ஆக்காதீர்கள். 2020-ல் கொரோனாவுக்குக் காலேஜை மூடியபோது என் ஆறு அறையும் காலி. பேங்க் கடன் நிற்குமா? 2022-ல் சொத்துவரியும் ஏறியது. பசங்களுக்கு விடாமல் குடும்பத்துக்கு வாடகைக்கு விடு என்பீர்கள், எந்த வாடகைக்கு விடுவது?

லைன்வீட்டு மகள்:
உங்களைக் குற்றம் சொல்லவில்லைங்க. உங்கள் அறைகளைப் பெருக்கித் துடைக்க வருகிறவர் எங்கிருந்து வருகிறார் என்று மட்டும் ஒரு தடவை கேளுங்க.

காட்டுக்காரர்:
கேட்டேனுங்க. அன்னூர்ப் பக்கமிருந்து வருகிறாராம். பத்து வருஷத்துக்கு முன்னால் எங்கள் பின்தெருவில்தான் குடியிருந்தாராம், எனக்கே தெரியவில்லை. வாடகையை நான் ஒருவன் குறைத்தால் தீர்ந்துவிடும் என்பதை மட்டும் இப்போதும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அங்கே அவர் என்ன வாடகை தருகிறார் என்று நாளைக்குக் கேட்கிறேன்.